லுக்கேமியா பாசிட்டிவ் குட்டியும் மற்ற பூனைகளும் ஒரே வீட்டில் இருக்கலாமா?

கொளத்தூர்_பூனைவீடு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள். மூன்றுமே பெரியவை, கருத்தடை செய்தவை, வெளியே விடுவதே இல்லை. மூத்தவளுக்கு ஒன்பது வயது, மற்ற இரண்டும் நாலு வயது அண்ணன் தங்கை. போன மாதம் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தாய் இல்லாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு கடுவன் குட்டியைத் தூக்கி வந்தோம். நாலு மாதம் இருக்கும். எலும்பும் தோலுமாக இருந்தான், சளி, ஈறெல்லாம் வெளுப்பு. டாக்டரிடம் காட்டியபோது எஃப்.ஐ.வி.யும் (பூனைகளின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற வைரஸ்) லுக்கேமியாவும் (பூனை லுக்கேமியா வைரஸ், அது வேறு) சேர்த்துப் பார்க்கிற கிட்டில் ஒரு டெஸ்ட் எடுத்தார். எஃப்.ஐ.வி. நெகட்டிவ். லுக்கேமியா கோடு நன்றாகவே விழுந்துவிட்டது.

டெஸ்டுக்கு முன்னால் கொஞ்ச நாள் நாலு பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஒரே தட்டில் சாப்பாடு, ஒரே தண்ணீர்க் கிண்ணம். அதிலும் தங்கைக்காரி அவனைப் பார்த்ததும் குளிப்பாட்டிவிடுகிற மாதிரி நக்கித் தீர்த்துவிட்டாள். இப்போது அவனைச் சின்ன ரூமில் தனியாக வைத்திருக்கிறேன். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து கத்துகிறாள், அந்தப் பக்கம் அவன் கத்துகிறான்.

மாமியார் வீட்டில் “எடுத்த இடத்திலேயே விட்டுவிடு, மூன்றைக் காப்பாற்ற ஒன்றை விட்டால் தப்பில்லை” என்கிறார்கள். என்னால் முடியாது. ஆனால் மூத்தவளுக்கு ஏதாவது ஆனால் அதையும் தாங்க மாட்டேன். இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஒரு ரூமை அவனுக்கே கொடுத்துவிட நானும் என் கணவரும் தயார். ஒரு கதவு போதுமா? தட்டு, கிண்ணம், லிட்டர் பாக்ஸ் எல்லாம் தனித்தனியா? எங்கள் கை, துணி வழியாகப் பரவுமா? ஊசி இருக்கிறதாமே, அதைப் போட்டுவிட்டுச் சேர்த்து வைக்கலாமா? எங்கள் பையனுக்கு ஆறு வயது, அவனுக்கு எதுவும் ஆகாதே?

நாலுகால்_நண்பன்:

அக்கா, முதலில் கடைசிக் கேள்விக்கு. மனிதர்களுக்கு இது வராது, நாய்க்கும் வராது. பையன் குட்டியோடு தாராளமாக விளையாடலாம், கை கழுவினால் போதும்.

நான் ஒரு கால்நடை கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். உடனே செய்ய வேண்டியதை நீங்களே செய்துவிட்டீர்கள், கதவைச் சாத்திவிட்டீர்கள். அடுத்தது, ஒரு கிட் டெஸ்டை வைத்து அவன் தலையெழுத்தை முடிவு செய்யாதீர்கள். அந்தக் கிட் வைரஸின் பி27 என்கிற புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறது. சில நேரம் பொய்யாகவும் கோடு விழும், குறிப்பாக ரத்தத்தை அப்படியே விட்டு டெஸ்ட் செய்யும்போது. சீரம் பிரித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது. கூடவே பி.சி.ஆர். டெஸ்டுக்கும் லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள், அது வைரஸ் பூனையின் மரபணுவுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று காட்டும். உங்கள் டாக்டரிடம் வசதி இல்லையென்றால் எந்த லேபுக்கு அனுப்பலாம் என்று வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். குட்டி என்பதால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் டெஸ்டைக் குழப்புமோ என்ற கவலை லுக்கேமியாவில் வேண்டாம். எஃப்.ஐ.வி.யில்தான் அந்தக் குழப்பம் வரும், ஏனென்றால் அந்தப் பக்கம் கிட் தேடுவதே எதிர்ப்புப்பொருளைத்தான்.

பாசிட்டிவ் என்று உறுதியானாலும் எல்லாப் பூனைக்கும் ஒரே முடிவு இல்லை. சில பூனைகளின் உடம்பு வைரஸை ஆரம்பத்திலேயே அடித்துவிடும். சிலவற்றில் கொஞ்ச வாரம் ரத்தத்தில் இருந்துவிட்டு அடங்கிப்போகும், அப்போது கிட் டெஸ்ட் நெகட்டிவ் ஆகிவிடும், பி.சி.ஆர். மட்டும் பாசிட்டிவாக நிற்கும். இப்படி அடங்கிய பூனைகள் பொதுவாக மற்றவற்றுக்குப் பரப்புவதில்லை. மூன்றாவது வகையில்தான் வைரஸ் ரத்தத்திலும் எச்சிலிலும் நிரந்தரமாக இருக்கும், ரத்தசோகை, லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்), அடிக்கடி தொற்று எல்லாம் அதில்தான் அதிகம். அவன் எந்த வகை என்பது இன்றைக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து ஒரு தடவை, நாலு மாதம் போல் கழித்து இன்னொரு தடவை பார்த்தால்தான் தெளிவாகும். அதுவரை தனி ரூம்.

பெரியவை மூன்றுக்கும் இப்போதே ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே யாருக்காவது இருந்ததா என்று தெரிந்துவிடும். நெகட்டிவ் வந்தாலும் அதோடு விட வேண்டாம். தொற்றி ஒரு மாதத்துக்குள்தான் பெரும்பாலும் ரத்தத்தில் காட்ட ஆரம்பிக்கும், அதனால் குட்டியைப் பிரித்த நாளிலிருந்து கணக்கு வைத்து ஒரு மாதம் தாண்டி மறுபடி எடுக்க வேண்டும்.

திரும்ப வெளியே விடுவதைப் பற்றி உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். அவன் அந்தத் தெருவில் இருக்கிற அத்தனை பூனைகளோடும் சண்டை போட்டு, நக்கி, ஒரே இடத்தில் சாப்பிடுவான். பார்க்கிங்கில் விட்டால் நோய் நாலு வீட்டுக்குப் போகும். அவன் உங்கள் ரூமில் இருப்பதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு.

கோவை_செல்லம்:

எல்லோரும் பயமுறுத்துவார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் லுக்கேமியா பாசிட்டிவ் பெட்டை ஒருத்தி இருக்கிறாள், கூடவே இரண்டு பெரிய பூனைகள். தெரிய வரும்போதே பல வருடம் சேர்ந்து வளர்ந்தவர்கள். பிரித்து வைத்துப் பார்த்தோம், மூன்று பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள், பாசிட்டிவ் ஆனவளுக்கு உடம்பு இன்னும் மோசமானது. எங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுச் சேர்த்தே விட்டுவிட்டோம். மற்ற இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்துக்கொண்டே வருகிறோம், இன்றுவரை நெகட்டிவ்தான்.

வளர்ந்த பூனைகளுக்கு இந்த வைரஸை எதிர்க்கிற சக்தி வயதோடு வந்துவிடுகிறது, குட்டிகளுக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் மூன்றுமே பெரியவை. பயத்தில் வீட்டை ஜெயிலாக்கிவிடாதீர்கள். தனி ரூமில் அடைந்து கிடப்பதும் ஒரு குட்டிக்கு நோய்தான்.

ஸ்காபரோ_தாரணி:

கோவை அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் கொளத்தூர் அக்காவின் வீட்டுக்கு அது பொருந்தாது என்பது என்னுடைய கருத்து. நீங்கள் ஏற்கெனவே பல வருடம் கலந்திருந்த பூனைகளைப் பிரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தீர்கள். அந்த நேரத்துக்குள் தொற்றுவதென்றால் அநேகமாகத் தொற்றியிருக்கும். இவர்கள் வீட்டில் புதிதாக ஒரு பாசிட்டிவ் குட்டியை மூன்று நெகட்டிவ் பூனைகளோடு சேர்ப்பதா என்பதுதான் கேள்வி. இரண்டும் வேறு வேறு.

வயதான பூனைக்கு எதிர்ப்பு சக்தி கூட என்பது சரி, ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. வளர்ந்த பூனை ஒன்று வைரஸை வெளியேற்றும் பூனையோடு மாதக்கணக்கில் ஒன்றாக இருந்தால் நிரந்தரமாகத் தொற்றும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம் வரை என்று ஐரோப்பியப் பூனை மருத்துவர்கள் எழுதுகிறார்கள். மூன்று பூனைகள் இருக்கிற வீட்டில் அது சின்ன எண் இல்லை. இந்த வைரஸ் 1964இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரட் குழுவின் கண்ணில் பட்டதே, பல பூனைகள் இருந்த ஒரு வீட்டில் அடுத்தடுத்து லிம்ஃபோமா வந்ததைப் பின்தொடர்ந்து போனதால்தான். ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றையொன்று நக்கிப் பாசமாக இருக்கிற வீடுதான் இந்த வைரஸுக்கு மிகவும் பிடித்த வீடு. உங்களுடைய தங்கைக்காரி மாதிரி ஒருத்தி இருக்கிற வீட்டைப் பற்றித்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இனி நல்ல செய்தி. இந்த வைரஸ் வெளியில் தாக்குப்பிடிக்காது. ஈரம் காய்ந்தால் சில மணி நேரத்துக்குள் செத்துவிடும், சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், பிளீச் எல்லாமே அதைக் கொன்றுவிடும். காற்றில் ரூம் விட்டு ரூம் போகாது. அது போவது எச்சில் வழியாக, மூக்குச்சளி வழியாக, கடித்தால் ரத்தத்தில் நேரே, அப்புறம் தாய்ப்பாலில். சிறுநீரிலும் மலத்திலும் கொஞ்சம் இருக்கும். ஆகவே நல்ல ஒரு பலகைக் கதவு இருந்தால் காணும். சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், லிட்டர் பாக்ஸ், விளையாட்டுச் சாமான் எல்லாம் அவனுக்கென்று தனியாக இருக்கட்டும், வடிவாகக் கழுவிக் காயவைத்தால் பிரச்சினை இல்லை. நாங்கள் இங்கே ஒரு பாசிட்டிவ் பூனையை ஃபாஸ்டரில் (நிரந்தர வீடு கிடைக்கும் வரை தற்காலிகமாக) வைத்திருந்தபோது பெரிய பூனைகளுக்குச் சாப்பாடு வைத்து முடித்துவிட்டுத்தான் பாசிட்டிவ் ரூமுக்குள் போவோம், வெளியே வந்ததும் கை கழுவுவோம். ஒரு பழைய சட்டையை அந்த ரூம் கதவிலேயே மாட்டி வைத்திருந்தோம். உள்ளே போக முன்னும் கை கழுவுங்கள், ஏனென்றால் வெளியே இருந்து சாதாரணச் சளிக்காய்ச்சலைக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அவனுடைய உடம்பு அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

ஊசி பற்றி. இங்கே வட அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி ஒரு வயதுக்குக் கீழே உள்ள எல்லாப் பூனைக்கும் லுக்கேமியா ஊசி அவசியம் என்கிறது. மூன்று நாலு வார இடைவெளியில் இரண்டு டோஸ், ஒரு வருடத்தில் பூஸ்டர். உங்கள் ஊரில் வழக்கமாகப் போடுகிற மூன்று நோய் ஊசியில் லுக்கேமியா சேராது, அது வேறு ஊசி, கிடைக்குமா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். நெகட்டிவ் என்று டெஸ்ட் எடுத்த பூனைக்குத்தான் போட வேண்டும், ஏற்கெனவே தொற்றிய பூனைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. போட்டாலும் நூறு சதவீதம் காப்பாற்றாது. ஊசி கதவுக்கு மேலே ஒரு கூடுதல் பூட்டு, அதை நம்பிக் கதவைத் திறக்கக் கூடாது.

ஸ்பெயினில் தோஞானா காட்டில் 2007இல் இதே வைரஸ் ஐபீரிய லின்க்ஸ் என்கிற காட்டுப் பூனைகளுக்குள் புகுந்துவிட்டது. உலகத்திலேயே மிச்சமிருந்தவை மிகச் சொற்பம். அங்கே செய்ததும் இதைத்தான், பிடித்து டெஸ்ட் எடுத்து, தொற்றியதைத் தனியாக வைத்து, நெகட்டிவாக இருந்தவற்றுக்கு ஊசி போட்டார்கள். காட்டுக்கும் வீட்டுக்கும் வழி ஒன்றுதான்.

கொளத்தூர்_பூனைவீடு:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. லின்க்ஸ் விஷயத்தைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், ஒரு ரூமை ஒதுக்குவதில் அவருக்கு இருந்த தயக்கம் போய்விட்டது.

இன்னும் சில சந்தேகம். ரூமுக்குள் காற்று வர, அவர்கள் முகம் பார்த்துக்கொள்ள, கதவுக்குப் பதில் கம்பி வலைக் கதவு போடலாமா என்று கார்பென்டர் கேட்கிறார். அப்புறம் ராத்திரி பெரியவர்களை பெட்ரூமில் விட்டுவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் ஹாலில் ஓட விடலாமா? முக்கியமான இன்னொன்று, மூத்தவளுக்குத் தோல் அரிப்பு வந்தால் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? கிட்டில் எஃப்.ஐ.வி. நெகட்டிவ் என்று வந்ததைச் சொன்னால் தெரிந்தவர்கள் எல்லோரும் “அப்போ பரவாயில்லை” என்கிறார்கள், அது சரியா?

நாலுகால்_நண்பன்:

கடைசியிலிருந்து வருகிறேன். எஃப்.ஐ.வி. வேறு, இது வேறு. எஃப்.ஐ.வி. பெரும்பாலும் ஆழமான கடியில்தான் பரவும், சண்டை போடாத வீட்டில் பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்து வாழ்வது பெரிய விஷயம் இல்லை. லுக்கேமியா நக்கினாலே போகும். “பாசிட்டிவ் பூனை எங்கள் வீட்டில் எல்லோரோடும் நன்றாக இருக்கிறது” என்று யார் சொன்னாலும் எந்த பாசிட்டிவ் என்று முதலில் கேளுங்கள், பாதிப் பேர் சொல்வது எஃப்.ஐ.வி.யைத்தான்.

ஸ்டீராய்டு விஷயத்தைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எதுவாக இருந்தாலும் தொற்றை எதிர்க்கிற நேரத்தில் அது எதிர்த் திசையில் இழுக்கும். அடங்கிக் கிடக்கிற வைரஸ்கூட அந்த மாதிரி நேரத்தில் மறுபடி எழும்ப வாய்ப்பு உண்டு. அரிப்புக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள், உண்ணி மருந்து ஒழுங்காகப் போட்டாலே பாதி அரிப்பு குறையும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

வலைக் கதவு ஒற்றை அடுக்கு என்றால் வேண்டாம். மூக்கை வைப்பார்கள், வலை வழியாக நக்குவார்கள், உங்கள் தங்கைக்காரி நிச்சயம் செய்வாள். முகம் பார்க்கத்தான் வேண்டுமென்றால் இரண்டு வலை, நடுவில் ஒரு முழம் போல் இடைவெளி, பாதமும் நாக்கும் எட்டக் கூடாது. இல்லாவிட்டால் மேல்பாதி கண்ணாடி வைத்த கதவு, காற்றுக்கு வெளிப்பக்க ஜன்னலில் வலை. எனக்குக் கண்ணாடிதான் பிடிக்கும்.

ஹாலில் ஓட விடலாம். கிண்ணம், லிட்டர் பாக்ஸ் எதுவும் ஹாலில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அவன் திரும்ப உள்ளே போனதும் தரையைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு அப்புறம் பெரியவர்களை விடுங்கள். கதவுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்காத மாதிரி வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள், பையனுக்கும் சேர்த்து.

மதுரை_மீசைக்காரன்:

தனியாக இருக்கிறானே என்று வருத்தப்பட்டால், அவன் பாசிட்டிவ் என்பது உறுதியான பிறகு இன்னொரு பாசிட்டிவ் பூனையைத் துணைக்கு எடுக்கலாம், இரண்டும் ஒரே ரூமில் இருக்கலாம். கருத்தடை மட்டும் முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிறக்கிற குட்டிகளுக்கும் போய்விடும். உங்கள் கடுவனுக்கும் உடம்பு தேறியதும் அதைச் செய்துவிடுங்கள், சண்டையும் வெளியே ஓடுகிற ஆசையும் குறையும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் பெட்ஸ் அலைவ் காப்பகம் லுக்கேமியா பூனைகளுக்கென்றே தனி ஏற்பாடு வைத்து வீடு தேடிக் கொடுக்கிறது. அங்கே இருந்த பூனைகளை வைத்துச் செய்த ஆய்வில், ரத்தத்தில் வைரஸ் அளவு குறைவாக இருந்தவற்றில் பெரும்பாலானவை நாலு வருடம் கழித்தும் உயிரோடு இருந்தன. அளவு அதிகமாக இருந்தவற்றில் பாதி ஒன்றரை வருடத்துக்குள் போய்விட்டன. இரண்டையும் தெரிந்துகொண்டு அவனை வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது பல லேபில் அளவையும் சொல்கிறார்கள், பி.சி.ஆர். கொடுக்கும்போது கேளுங்கள்.

பச்சைக் கறி, பச்சை மீன் கொடுக்காதீர்கள், வேக வைத்துக் கொடுங்கள். பூச்சி மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடை, ரத்தம், வாய், கழலை எல்லாம் டாக்டர் பார்க்கட்டும். ஈறு வெளுப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதை மட்டும் காத்திருக்க விடாதீர்கள். ரத்தசோகை லுக்கேமியாவால் இருக்கலாம், உண்ணியாலும் இருக்கலாம், உண்ணி வழியாக வருகிற ரத்தக் கிருமியாலும் இருக்கலாம். மற்ற இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

கோவை_செல்லம்:

தாரணி சொன்ன வித்தியாசத்தை ஒத்துக்கொள்கிறேன், புதிதாகச் சேர்ப்பது வேறுதான். எங்கள் வீட்டுக்கும் அதே விதி, இனி நெகட்டிவ் பூனை எதையும் உள்ளே எடுப்பதில்லை. குட்டிக்கு ரூம் கொடுத்தால் அந்த ரூமில் தினமும் யாராவது போய் உட்கார வேண்டும், சாப்பாடு வைத்துவிட்டு ஓடி வந்தால் போதாது. ஜன்னலோரம் ஒரு பலகை அடித்துக் கொடுங்கள், காக்கா குருவி பார்த்துக்கொண்டிருப்பான். உங்கள் பையன் அங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும்.

கொளத்தூர்_பூனைவீடு:

இன்றைய நிலவரம். பெரியவர்கள் மூன்று பேருக்கும் கிட் டெஸ்ட் எடுத்தாயிற்று, மூன்றும் நெகட்டிவ். பிரித்த நாளைக் காலண்டரில் குறித்திருக்கிறேன், அடுத்த மாதக் கடைசியில் மறுபடி எடுக்கப் போகிறோம். குட்டியின் ரத்தம் பி.சி.ஆருக்குப் போயிருக்கிறது, அளவும் கேட்டிருக்கிறேன். உடம்பு முழுக்க உண்ணி இருந்தது, மருந்து போட்டிருக்கிறார்கள், ரத்தக் கிருமிக்கும் சேர்த்துப் பார்க்கிறார்கள். லுக்கேமியா ஊசி எங்கள் டாக்டரிடம் இல்லை, விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி வைத்த கதவுக்குச் சொல்லியாயிற்று.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ரத்தம் ரொம்பக் குறைந்தால் ஏற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். எங்கள் பெரியவர்களில் ஒருவரிடமிருந்து எடுக்கலாமா?

நாலுகால்_நண்பன்:

அண்ணன்காரனிடம் எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள், வயதும் எடையும் அவனுக்குத்தான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டு போடுகிற மூத்தவள் வேண்டாம். குட்டியை அதிகம் நக்கினவள் தங்கைக்காரி, அவளையும் விட்டுவிடுங்கள். அண்ணன்காரன், குட்டி இரண்டு பேருக்கும் ரத்த வகை கட்டாயம் பார்க்க வேண்டும், பூனைகளில் வகை மாறினால் முதல் தடவையிலேயே உயிருக்கு ஆபத்து. குட்டி பாசிட்டிவ் என்று உறுதியானால் அண்ணன்காரன் அவனுக்குக் கொடுப்பதில் லுக்கேமியா கவலை குறைவு. ஆனால் பின்னால் வேறு யாராவது பூனைக்கு ரத்தம் கேட்டு வந்தால் கிட் நெகட்டிவ் என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள், பி.சி.ஆரும் நெகட்டிவாக இருக்க வேண்டும், அடங்கிக் கிடக்கிற வைரஸ் ரத்தம் ஏற்றும்போது போய்விடும். வெளியிலிருந்து உங்கள் குட்டிக்கு ரத்தம் வாங்கினாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். பி.சி.ஆர். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.